ஒரு ட்ரேக்கு இரண்டு பேர்

"அந்த ரூமுலேர்ந்து மணி அடிச்சா தனியா போவாத. ஒருத்தி ட்ரேய தூக்கு, இன்னொருத்தி கூடவே ஒரு ஓரத்த புடிச்சிக்கினு போ."

"ஒரு ட்ரேக்கு ரெண்டு பேரா? பாக்கறவங்க சிரிக்கமாட்டாங்க?"

"சிரிக்கட்டும். டாக்டர் ராஜசேகரன் ரூமுக்குப் போனா மட்டும் அது அவ்ளோ வெயிட்டுன்னு நெனச்சிக்கோ."

கரையான்சாவடி டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் பூங்காவனம் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்த நாகவல்லி சொன்னது அது. எழுபத்திரண்டாம் வருடம், விசாரணை நடந்த காலையில், கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அந்தப் பேச்சு அப்படியே ஞாபகம் வந்தது. நாகவல்லி அடுத்த ஆடிக்குள் வேலையை விட்டுப் போய்விட்டாள். கல்யாணம் என்று சொல்லிக்கொண்டாள். அவள் வீட்டில் பந்தல் எதுவும் போடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அவளைக் கேட்கவில்லை.

ராஜசேகரன் கைராசிக்காரர் என்று நோயாளிகள் கும்பிடுவார்கள். திருநின்றவூரில் இதே டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஏன் மாற்றினார்கள் என்பது அங்கிருந்த ஆயாக்கள் வரைக்கும் தெரிந்த விஷயம். இங்கே வந்த பிறகு அவர் மணி அடித்தால் இரண்டு பேர் போனார்கள். சித்திரையில் ஒருநாள் மட்டும், கூட வரவேண்டிய நர்ஸ் பேபியைப் பிரசவ வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பூங்காவனம் தனியாகப் போனாள். கதவைச் சாத்திவிட்டு அவர் இடுப்பைப் பிடித்து இழுத்ததும், அவள் ட்ரேயோடு அவர்மேல் மோதித் திமிறினாள். கொதிக்கவைத்து எடுத்த கண்ணாடி ஊசிக்குழல்கள் தரையில் சிதறின. சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் கண்ணில் பட்டது உடைந்த கண்ணாடிதான். அவள் அன்றைக்கே புகார் கொடுத்தாள்.

"உள்ள போய் பயந்துகினு பேசாத பூங்கா," என்றான் எத்திராஜ். அவள் கணவன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த சட்டையில் வந்திருந்தான். "நான் சினிமா பாத்துட்டு லேட்டா வந்தா என்னக் கேப்பியே, அந்த மாதிரி கேளு."

"அப்டிக் கேட்டா அவங்க எழுந்து ஓடிடுவாங்க மாமா."

"ஓடட்டும். முடிக்கறப்ப திருநின்றவூருக்கு மாத்தல் கேட்டுடு. அங்க வாடகை கம்மி. ஏரிக் காத்து வேற கீது."

அவள் அவனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கேட்க வேண்டியது வேறொன்று அவளிடம் இருந்தது. நாகவல்லி சீருடையை மடித்து வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து தொண்டையிலேயே நின்றிருந்தது. எத்திராஜிடம்கூடச் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொன்னால், நம்மால் கேட்கக்கூடியதா இது என்று தனக்கே தோன்றிவிடுமோ என்ற தயக்கம்.

உள்ளே, டாக்டர்களின் பெயரைப் பதிவுசெய்து தொழில் நடத்த அனுமதி கொடுக்கும் மருத்துவக் கவுன்சிலிலிருந்து வந்த மூன்று டாக்டர்கள் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். ராஜசேகரன் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார். முதலில் தலைமை நர்ஸ் கெங்கம்மாளைக் கேட்டார்கள்.

"எங்க பொண்ணுங்கமேல ஒரு சொல் வரக்கூடாதுங்க," என்று கெங்கம்மாள் நிமிர்ந்து சொன்னாள். "எப்பவும் ரெண்டு பேராத்தான் அவரு ரூமுக்குப் போவாங்க. ஒருத்தியும் தனியா போனது கிடையாது."

பெண்களின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே அவள் நினைத்தாள்.

"இதைத்தான் சார் நானும் சொல்றேன்," என்றார் ராஜசேகரன், அமைதியாக. "எப்பவும் ரெண்டு பேர். அப்புறம் எப்படி இது நடக்கும்? ஊசிக்குழலை உடைச்சிட்டு, திட்டு வாங்காம இருக்கக் கதை கட்டறா."

கெங்கம்மாளின் முகம் வெளுத்தது. தன் வாயால் என்ன கொடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடுவில் இருந்த தலைவர் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா சொல்றே?"

"அக்கா சொன்ன வழக்கம் நெசந்தான் சார்," என்றாள் பூங்காவனம். குரல் நடுங்கவில்லை, அது அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. "பெரிய டாக்டர் ரூமுக்கு நாங்க தனியாத்தான் போறோம். குழந்தை டாக்டர் கூப்பிட்டாலும் தனியாத்தான். இவரு ரூமுக்கு மட்டும் ஒரு ட்ரேய ரெண்டு பேர் தூக்கறோம். ஏன்னு அக்காவையே கேளுங்க."

கெங்கம்மாள் தன் நரைத்த கொண்டையை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

"நானே தனியா போவமாட்டேங்க, இந்த வயசுல," என்றாள். "அன்னைக்கு பேபிய பிரசவ வார்டுக்கு இழுத்துகினு போனது நான்தான். அதனாலதான் இது தனியா மாட்டிக்கிச்சு. பொண்ணுங்க பேர் கெடக்கூடாதுன்னு மறைச்சேன்."

ராஜசேகரன் காலை இறக்கி வைத்தார்.

தலைவர் மற்ற இருவரையும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார். "புரியுதும்மா. இவரை வேற ஊருக்கு மாத்திடறோம்னு டிரஸ்ட்ல சொல்றாங்க. உனக்கு மாத்தல் வேணும்னாலும் கொடுப்பாங்களாம். நீ என்ன எதிர்பார்க்கறே, தயங்காம சொல்லு."

ஜன்னல் கம்பிக்கு அப்பால் எத்திராஜின் சட்டை தெரிந்தது. மெயின் ரோட்டில் பூந்தமல்லி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் ஓயும் வரை அவள் காத்திருந்தாள்.

"எனக்கு மாத்தல் வேணாம் சார். இவருக்கும் வேணாம். திருநின்றவூர்லேர்ந்து மாத்தித்தான் இங்க அனுப்பினாங்க. போற ஊர்லயும் நர்சுங்க இருப்பாங்க."

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்த தலைவரின் விரல்கள் நின்றன.

"டாக்டருங்க ரிஜிஸ்டர்லேர்ந்து இவரு பேரை எடுத்துடுங்க சார்."