எடைக்கு வாங்கிய இஸ்திரிப் பெட்டி

மயில்சாமி சைக்கிளை லைன் வீட்டு வாசலில் நிறுத்தியபோது கேரியரில் இருந்த பொதியின் கனத்தில் முன்சக்கரம் லேசாக எழும்பி இறங்கியது. முகத்தில் ஜெயித்து வந்த களை. பேரத்தில் ஜெயித்து வருகிறவன் முகத்தைக் கண்டால் வீட்டிலிருப்பவர்களுக்குப் பயம்தான். அவன் மனைவி குழந்தையம்மாள் தையல் மிஷின் மிதியிலிருந்து காலை எடுக்காமலே எட்டிப் பார்த்தாள்.

“இங்க வா புள்ள. என்ன கொண்டாந்திருக்கறேன்னு பாரு.”

துண்டை அவிழ்த்தான். பித்தளை இஸ்திரிப் பெட்டி. கோயில் குத்துவிளக்கைப் பக்கத்தில் வைத்தால் விளக்கு மங்கிப்போகும், அத்தனை பளபளப்பு. மூடியைப் பூட்டும் கொண்டியின்மேல் ஒரு குட்டிச் சேவல், விடியலுக்குத் தானே பொறுப்பு என்பதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அவள் வந்து வலது கையால் தூக்கினாள். இடுப்பு வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. கீழே வைத்தாள்.

“நாஞ் சொன்னது சின்ன இரும்புப் பெட்டிங்க.”

“அந்தச் சின்னதுக்குக் கடைக்காரஞ் சொன்ன வெலைக்கே இதைத் தூக்கியாந்துட்டேன். எடையப் பாத்தியா? நாளைக்கே உருக்கி வித்தாலும் பித்தளை பித்தளைதான். இரும்ப எவன் வாங்குவான்?”

“உருக்கறதுக்கா வாங்கச் சொன்னேன்?”

மயில்சாமிக்கு அது காதில் விழவில்லை. அடுத்த வீட்டு மருதாள் எட்டிப் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பேரத்தின் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது.

போன வாரம்தான் குழந்தையம்மாள் ராயபுரத்தில் கிட்டுசாமியின் பாத்திரக் கடைக்குப் போய்ப் பெட்டி பார்த்துவிட்டு வந்திருந்தாள். கரண்ட் பெட்டியைப் பற்றி நினைக்க வழியில்லை. லைன் வீடுகளின் சொந்தக்காரர் ஒரு வீட்டுக்கு ஒரு பல்புக்குமேல் விடமாட்டார், அதையும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எண்ணிக்கொண்டிருப்பார். ஆகவே கரிப் பெட்டிதான். கடையிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள், தூக்கியபடியே நின்றாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். கிட்டுசாமி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டான், “ஏனுங்கம்மிணி, பொண்ணு பாக்க வந்தாப்பல பாக்கறீங்க?”

“பொண்ணுன்னா ஒரே நாள்ல பாத்து முடிச்சர்லாமுங்க. இதோட தெனமும் நாந்தான் குடும்பம் நடத்தோணும்.”

கடைசியில் மரக் கைப்பிடி போட்ட ஒரு சின்ன இரும்புப் பெட்டியைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னாள். அத்தோடு வாங்கியிருந்தால் கதை இல்லை. ஆனால் அந்த வீட்டில் பொருளைப் பார்ப்பது யாராக இருந்தாலும் விலை பேசுவது மயில்சாமிதான். பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழிக்கும் துணியை மூட்டை மூட்டையாகக் கைமாற்றிவிடும் தரகன் அவன். துண்டுக்கடியில் கையை விட்டு, எதிராளியின் விரல்களைப் பிடித்து, பிடித்த விரலின் கணக்கிலேயே வாயைத் திறக்காமல் விலை முடிக்கிறவன். மாட்டுச் சந்தையில் இருந்து துணி வியாபாரத்துக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருத்தன். சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு பேர் கை குலுக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். துண்டுக்குள் ஒருவன் குடல் உருவப்பட்டுக்கொண்டிருக்கும். ஒரு இஸ்திரிப் பெட்டிக்குப்போய் எவனும் துண்டு போடமாட்டான். இவன் போட்டிருக்கிறான். கிட்டுசாமியும் சும்மா இருந்த நேரம், கையை நீட்டியிருக்கிறான். பெரிய பெட்டி அவனிடம் வருஷக்கணக்காக விலைபோகாமல் கிடந்தது என்பது மயில்சாமிக்கு உறைக்கவில்லை. பேரத்தில் ருசி கண்டவனுக்குச் சரக்கு கண்ணில் படாது.

குழந்தையம்மாள் தைப்பது குழந்தைகளைக் கிடத்தும் விரிப்புகள். கணவன் கொண்டுவரும் மூட்டையில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி, சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவே பழைய நூல் புடவையை மடித்து வைத்துத் தைப்பாள். பச்சைக் குழந்தையின் முதுகுக்கு அந்தத் துணியைப்போல் இதமானது கிடையாது. அவிநாசியில் கோயில் வீதிக் கடைக்காரர் ஒருவர் எத்தனை கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார். ஆனால் பனியன் துணி குணம் கெட்டது. வெட்டின மறுகணமே ஓரம் சுருண்டுகொள்ளும். சுருளை நீக்காமல் மிஷினில் விட்டால் தையல் எங்கோ போகும். பெட்டியைப் போட்டுத்தான் படியவைக்க வேண்டும். அதிலும் வேட்டிக்கு ஓட்டுவதுபோல் பெட்டியை ஓட்டக்கூடாது. ஓட்டினால் துணி இழுபட்டுத் தன் பழைய அளவுக்குத் திரும்பாது. தூக்கி வைக்கவேண்டும், அழுத்தவேண்டும், மறுபடி தூக்கவேண்டும். வண்ணார் பெட்டியை ஓட்டுவதை மட்டும் பார்த்திருந்த மயில்சாமி, கனம் இருந்தால் பெட்டியே வேலையைச் செய்துவிடும் என்று நினைத்திருந்தான். 

சேவலோடு குடும்பம் ஆரம்பித்தது. காலையில் தேங்காய்த் தொட்டிக் கரியைக் கனியவைத்துப் பெட்டிக்குள் போட்டு, வாசலில் நின்று முன்னும் பின்னும் ஆட்டுவாள். மருதாள் “ஏனக்கா, சாமிக்குத் தூபம் காட்டறீங்களா?” என்பாள். “இந்தச் சாமி தூபம் காட்டுனாலும் எறங்கறதில்லியே” என்பாள் இவள். ஐப்பசி மழையில் கரி நமுத்துப் புகைந்தது. தையில் கை வலித்தது; வேலை முடிந்தபின்பும் வலித்தது. மாசியில் தலைக்குப் பின்னால் கை போகாமல், கொண்டையை மருதாள்தான் முடிந்துவிட்டாள். குழந்தையம்மாளுக்கு வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் கம்பெனியில் நின்றுகொண்டு பனியன் மடித்தவள். அந்தப் பஞ்சுத் தூசியும் சூப்பர்வைசரின் வாயும் போதும் என்று இந்த மிஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கை போனால் மிஷின் போகும். மிஷின் போனால் மறுபடி அங்கே போய் நிற்கவேண்டும். நிற்கவும் அங்கே கைதான் கேட்பார்கள்.

“இதக் கொண்டுபோயிக் குடுத்துப்போட்டு அந்தச் சின்னதை வாங்கியாந்துருங்க” என்றாள் ஒரு நாள், சோறு போட்டபடி, இடது கையால்.

“வாங்குன சரக்கைத் திருப்புனான்னு சந்தையில ஒரு பேச்சு வந்தா, நாளைக்கு என்ற துண்டுக்குள்ள எவன் கையை விடுவான்? என்ற பேரு என்னாவறது?”

“உங்க பேரு என்னாகுதோ தெரியலீங்க. என்ற கை போயிருச்சு.”

அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். பிறகு அவள் கேட்கவில்லை. கேட்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அவிநாசித் தேர் நெருங்கியது. தேருக்கு வருகிற ஜனம் கைக்குழந்தைக்கு ஏதாவது வாங்காமல் போகாது. கடைக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். அவளுக்குப் பெட்டியை மேசைக்குக் கொண்டுவரவே முடியவில்லை. “அட, நகுரு. நான் போடறேன்” என்று மயில்சாமி சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். சர் சர்ரென்று ஓட்டினான். ஓரம் சுருளாமல் அழகாகப் படிந்தது. “பாத்தியா? இதுக்குப்போயி மாசக்கணக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியே.” அவள் அந்தத் துண்டுகளை வாங்கித் தைத்தாள். தைத்து முடித்து விரித்தபோது, விரிப்பு நடுவில் உப்பி ஓரங்களில் அலை அலையாக எழுந்து நின்றது.

“இது என்ன புள்ள, அப்பளம் பொரிச்சாப்பல இருக்குது?”

“ஓட்டுனா அப்படித்தானுங்க. தூக்கி வெக்கோணும்.”

தூக்கி வைத்தான். அழுத்தினான். மறுபடி தூக்கினான். முதலில் பேசிக்கொண்டே செய்தான்; பேச்சு குறைந்தது; பிறகு மூச்சு மட்டும் கேட்டது. துண்டுக் குவியல் பாதிகூடக் கரையவில்லை. மத்தியானம் டம்ளரை எடுத்தபோது டீ ததும்பி மார்பில் சிந்தியது. டம்ளரை வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ கொடுத்து வைக்கச் சொன்ன சாமானைப் பார்ப்பதுபோல. அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் நூல் கோத்தாள்.

வெயில் இறங்கியதும் கரியைக் கொட்டிப் பெட்டியைத் துடைத்தான். துடைத்ததும் மறுபடி பளபளத்தது, அதற்கென்ன. கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். பிறகு உள்ளே வந்து, மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு எதிரே தரையில் குந்தினான்.

“கிட்டுசாமிகிட்ட விட்டுப்போட்டு வந்தர்றேன். அவன் குறைச்சுத்தான் கேப்பான். சிரிக்கவும் செய்வான்.” தோள் துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு நீட்டினான். “எதுவரைக்கும் எறங்கலாம்? நீ சொல்லு.”

“நானா? பொம்பளைங்க புடிப்பாங்களா அது?”

“இங்க யாரு பாக்கறா? புடி.”

அவள் கை மேலே வரவில்லை. அவன் தன் கையைத் தாழ்த்தி, அவள் மடிமேல் கொண்டுவந்து வைத்தான். துண்டுக்குள் அவள் விரல்கள் தேடி வந்தன. கரிச்சூட்டில் காய்த்துப்போயிருந்தன. அவன் வழக்கப்படி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். ஒரு விரலா, இரண்டா என்று. அவள் ஐந்தையும் சேர்த்துப் பிடித்தாள். பிடி தளர்ந்தது, மறுபடி இறுகியது, அப்படியே இருந்தது. எத்தனையோ பேர் விரலைப் படித்தவனுக்கு இது என்ன விலை என்று பிடிபடவில்லை. கையை எடுக்கவும் இல்லை. வாசலில் சைக்கிள்மேல் சேவல், கயிற்றுக்கு நடுவே கழுத்தை நீட்டிக்கொண்டு, சாயங்கால வெயிலில் மின்னியது.