காய்ச்சல் கொட்டகை

கஞ்சி வரிசையில் மூர்த்தி இல்லை என்பதை, வாளியின் அடி தெரியும்போதுதான் யோகம் கவனித்தாள். வழக்கமாக அவன்தான் முதலில் நிற்பான். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் புது ஆள் மாதிரி மறுபடியும் வந்து நிற்பான். அவளும் அடையாளம் தெரியாதவள்போல் ஊற்றுவாள். அன்று அவனுடைய தகரக் குவளையையும் சேர்த்து அவன் அக்கா அங்கம்மாதான் நீட்டினாள். அவன் ஆற்றுக்குப் போயிருக்கிறான் என்று, யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருடத்து ஐப்பசி. பெரிய யுத்தம் முடியப்போகிறது என்று தந்தியில் சேதி வந்துகொண்டிருந்த நாட்களில்தான் விஷக்காய்ச்சலும் வந்தது. மலாயாவில் பெக்கோக்கைச் சுற்றியிருந்த கித்தா ரப்பர்த் தோட்டங்களில், காலையில் பால் வெட்டப் போன ஆள் சாயங்காலம் மரத்தடியில் சுருண்டு கிடந்தான். பெட்டி செய்யப் பலகை இல்லாமல் கோணியில் சுற்றிப் புதைத்தார்கள். சாவு விழுந்த கூலி லய வீடுகளைப் பூட்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். தாய் தகப்பன் போய்விட்ட பிள்ளைகளுக்கு அங்கே அறை இல்லை என்று ஆயிற்று. வேலைக்குப் பெயர் பதியாதவர்களுக்கு அரிசியும் இல்லை. அந்தப் பிள்ளைகள் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பெக்கோக்குக்கு அடுத்திருந்த சின்ன ஸ்டேஷனில், யோகத்தின் கணவர் சிற்றம்பலம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த இடத்தில், மேடையில் வந்து படுத்தார்கள்.

சிற்றம்பலம் கெட்டவர் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணக்கெழுதும் கிராணிமாரையும் சீனக் கடைக்காரர் சிலரையும் கூட்டி ஒரு தர்மக் கமிட்டி அமைத்தார். பழைய சரக்குக் கொட்டகையைத் திறந்துவிட்டார். அதிகாரிகள் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள்: காய்ச்சல் கண்டவர்களை உடனே ஆற்றுக்கு அப்பாலிருந்த காய்ச்சல் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும்; ஒருவரை ஒளித்து வைத்தாலும் சரக்குக் கொட்டகைக்குப் பூட்டு விழும்.

கஞ்சி காய்ச்சி ஊற்றும் வேலையை யோகமே கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் இரண்டு நாட்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, அகப்பையை உயரத் தூக்கி ஊற்றினாள். மூன்றாம் நாள் அங்கம்மா வந்தாள். பதினாறு வயதிருக்கும். ஒரு கையைப் பிடித்தபடி தம்பி மூர்த்தி. பின்னால் வழியில் சேர்ந்த நாலைந்து சிறுசுகள். தனக்கு ஊற்றிய கஞ்சியை அவள் கடைசிப் பிள்ளை குடித்து முடிக்கும்வரை தொடவில்லை. அதைப் பார்த்த பிறகு யோகம் மூக்குத் துணியை அவிழ்த்தாள். வீட்டிலிருந்து பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். கடல் தாண்டி வந்து ஏழு வருடமாக ரயில்வே குவார்ட்டர்ஸில் பேச்சுத்துணைக்குப் பெண் யாருமின்றிக் கிடந்தவளுக்கு, அந்தப் பெண்ணின் பக்கத்தில் குந்தியிருந்து வெங்காயம் உரிப்பது பிடித்திருந்தது. ஒருநாள் தானாகவே சொன்னாள்: "இனி ஒண்டுக்கும் பயப்பிடாதை பிள்ளை. நான் இருக்கிறன்." அதற்குப் பிறகு அங்கம்மா, தூங்கும்போது தம்பியைச் சுவர் ஓரமாகப் போட்டுத் தான் குறுக்கே படுப்பதை விட்டுவிட்டாள்.

இப்போது வாளியைக் கீழே வைத்துவிட்டு யோகம் கொட்டகைக்குள் போனாள். மூலையில் சாக்குகளின் பின்னால் மூர்த்தி கிடந்தான். நெற்றியில் கை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அங்கம்மா ஓடிவந்து அவள் காலைப் பிடித்தாள்.

"இது அந்தக் காய்ச்ச இல்லீங்கம்மா. மாசாமாசம் வர்ற குளிர்காய்ச்ச. நாளைக்கு எறங்கிடும். எங்க அப்பனையும் ஆத்தாளையும் அந்தக் கொட்டாய்க்குத்தான் தூக்கிட்டுப் போனாங்க. யாரும் திரும்பலீங்க."

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். எழும்பு" என்றாள் யோகம். சொல்லும்போது அது அவளுக்கு உண்மையாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கையை முழங்கை வரை தேய்த்தாள். மூன்று வயது மகன் கதிரேசு ஓடிவந்து மடியில் ஏறினான். ஏறியதும் இருமினான். வெறும் இருமல்தான், வெயிலில் ஓடிய பிள்ளைக்கு வருகிற இருமல். ஆனாலும் அவனை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். மறுபடியும் போய்க் கையைக் கழுவினாள். கொட்டகையில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருவனால் எல்லோருக்கும் வந்துவிடுமே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த முப்பது முகங்களில் ஒன்றுகூட அவள் கண்ணுக்குள் வரவில்லை. கதிரேசுவின் முகம் மட்டுமே வந்தது.

சிற்றம்பலம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சோறு போட்டுக் குழம்பு விட்டபின் மூர்த்தியின் காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். அவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

காய்ச்சல் கொட்டகை ஆட்கள் வந்து மூங்கிலில் கட்டிய சாக்குத் தூளியில் பையனைத் தூக்கிப் போட்டார்கள். அவன் விழித்துத்தான் இருந்தான். கூடப் போக அக்காவுக்கு அனுமதி இல்லை என்றார்கள். அங்கம்மா கத்தவில்லை, பின்னால் ஓடவுமில்லை. வாசலில் நின்றிருந்த யோகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போய், அவன் படுத்திருந்த சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் கஞ்சிக்கு அவள் வரிசையில் நிற்கவில்லை. யோகம் கொண்டுபோய் வைத்தது ஆறிப்போய்க் கிடந்தது.

கதிரேசுவின் இருமல் இரண்டு நாளில் நின்றுபோனது.

ஒரு வாரம் கழித்து, ரயிலில் வந்த மருந்துப் பெட்டியை எடுக்கக் காய்ச்சல் கொட்டகையில் நோயாளிகளைப் பார்க்கும் டிரெஸ்ஸர் ஸ்டேஷனுக்கு வந்தார். தூக்கமில்லாத கண்கள். சிற்றம்பலம் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே அந்தப் பையனைப் பற்றிச் சொன்னார். வந்தபோது அவனுக்கு வெறும் மலேரியாதான். கொயினா மருந்து கொடுத்ததும் மறுநாளே இறங்கிவிட்டது. ஆனால் உள்ளே வந்தவனை உடனே வெளியே விட விதியில்லை. பக்கத்துப் பாயில் கிடந்தவனிடமிருந்து தொற்றிக்கொண்டது. முந்தாநாள் விடியற்காலையில் போய்விட்டான். நாங்கள் சட்டப்படிதான் செய்தோம் என்றார் சிற்றம்பலம். அதை மறுபடியும் ஒருமுறை சொன்னார். டிரெஸ்ஸர் அதற்குத் தலையாட்டினார். கதவுக்குப் பின்னால் நின்ற யோகம் எல்லாவற்றையும் கேட்டாள்.

அங்கம்மாவிடம் யார் சொல்வது என்ற பேச்சே எழவில்லை. யோகம்தான் போனாள். சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் தேடுனானாங்க?"

அதை டிரெஸ்ஸரிடம் கேட்கவேண்டும் என்று யோகத்துக்குத் தோன்றவே இல்லை. "இல்லைப் பிள்ளை. நித்திரையிலதான் போனவனாம்" என்றாள்.

"தூங்குறப்பகூட அவன் என் முந்தானைய விட மாட்டாங்க" என்றாள் அங்கம்மா.

மறுநாள் கஞ்சியோடு போனபோது கொட்டகை காலியாக இருந்தது. ஒரு பிள்ளைகூட இல்லை. சாக்குகள் எல்லாம் மடித்து அடுக்கியிருந்தன. யோகம் கொடுத்த சேலை அவற்றின் மேலே கிடந்தது. கூலி ஜனங்களுக்கு நன்றி கிடையாது, இனிச் சரக்குக்கு இடமாச்சு என்றார் சிற்றம்பலம். கமிட்டிக்காரர்களும் அதையே சொன்னார்கள். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. கைகாட்டிக் கம்பத்தைத் தாண்டி, ரயில் பாலத்தின் அடியில் பிள்ளைகள் கிடப்பதாகப் பாயிண்ட்ஸ்மேன் வந்து சொன்னான்.

யோகம் யாரிடமும் சொல்லாமல் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்து ஓரமாக நடந்தாள். இரவு பெய்த மழையில் கரை வழுக்கியது. பக்கவாட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். அவளைக் கண்டதும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவள் ஓரடி வைத்தால் அவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அங்கம்மா மட்டும் நகரவில்லை.

"அங்கயே வெச்சிட்டுப் போங்கம்மா. கிட்ட வராதீங்க."

குரலில் கோபம் இல்லை. நாயை விரட்டாமல், ஆனால் வாசலுக்குள்ளும் விடாமல் பேசுகிற குரல்.

யோகம் பானையை இறக்கினாள். நிமிரும்போதுதான் பார்த்தாள். அங்கம்மாவுக்குப் பின்னால், தூணோரத்து ஈரமில்லாத மண்ணில், யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் இரண்டு பாதங்கள். மற்ற எல்லோரும் எழுந்து நின்றபோதும் அவை எழவில்லை. யோகத்தின் பார்வை போன இடத்தை அங்கம்மாவும் கண்டுகொண்டாள். ஓரடி தள்ளி நின்று, அந்தப் பாதங்களை மறைத்தாள்.

யோகம் கரையேறினாள். வீடு ஸ்டேஷன் பக்கம் இருந்தது, கதிரேசு எழுந்திருப்பான். மேலே போய்த் திரும்பிப் பார்த்தாள். பானையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் யாரும் வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் தூணோரமாக ஒருவரோடொருவர் நெருக்கிக்கொண்டு வரிசையாக நின்று, அவள் ஸ்டேஷன் பக்கம் நடக்கப் போகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.