அரை இஞ்ச் ஜல்லி

உள்ளங்கையில் கிடக்கிறது, புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரிய கருங்கல், கனமே இல்லை, ஆஸ்பத்திரியில் தாலிச்செயினோடும் தோட்டோடும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தார்கள், முடிக்குள்ள சிக்கியிருந்துச்சு சார் என்றார் நர்ஸ், என் மனைவி வான்மதியின் முடி எதையும் எளிதில் விடாது, எதிரே குடியிருப்புச் செயலாளர் தணிகாசலம் ஒரு தாளை நகர்த்துகிறார், புயலால் நேர்ந்த விபத்து, யார்மீதும் தவறில்லை, கீழே என் பெயர், நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் தம்பி, போலீஸ்ல மொட்டமாடி வேலைய செய்ய விடுவாங்க, ஷீட்டு வெறுமனே கெடக்கு, அடுத்த புயல் வேற சொல்லிட்டான், வாரிவெச்ச ஜல்லிய நாளைக்கே பரப்பிடலாம், அதே ஜல்லியா என்கிறேன், பின்ன, நல்ல கல்லுதானே என்கிறார் இன்ஜினியர் ஞானப்பிரகாசம்.

நல்ல கல், மொட்டைமாடியில் ஒழுகாமலிருக்க விரித்த கறுப்பு ஷீட்டை இவர்கள் ஒட்டவில்லை, மேலே பரப்பும் கல்லின் கனமே பிடித்துக்கொள்ளும் என்றார்கள், ஒன்றரை இஞ்ச் கல் போடவேண்டிய இடத்தில் தளம் போட்டு மீந்த அரை இஞ்ச் ஜல்லியைக் கொட்டினார்கள், வீணாப் போகுதேன்னு சார், கைப்பிடிச் சுவரோ முழங்கால் உயரம், வான்மதி அந்த ஜல்லிமேல் ஈரத்துண்டை விரித்து நாலு மூலைக்கும் நாலு கல் வைக்கிறாள், காற்று கல்லை உருட்டிவிட்டுத் துண்டைத் தூக்குகிறது, ஏம்ப்பா, ஒரு துண்டயே பிடிக்கல, அவ்ளோ பெரிய ஷீட்ட எப்படிப் பிடிக்கும், நான் சிரிக்கிறேன், இன்ஜினியருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் புயல் வந்துவிடுகிறது, வேப்பமரம் சாஞ்சா வண்டி போச்சு, பில்டிங் சுவரோரமா நிறுத்திட்டு வரேன் என்று இறங்குகிறாள், சுவரோரம்தான் பத்திரம் என்று நானும் சொல்கிறேன், நாலு மாடிக்கு மேலே ஷீட் படபடவென்று அடித்து எழும்புகிறது, ஜல்லி பொழிகிறது.

காத்துக்கு யாரு என்ன பண்ண முடியும், என்கிறார் ஞானப்பிரகாசம்.

தாளின்மேல் கல்லை வைத்தேன், எழுந்துபோய் ஃபேனை ஐந்தில் திருப்பினேன், தாள் ஓரம் துடித்தது, கல்லை உருட்டித் தள்ளிவிட்டுப் பறந்தது, இன்ஜினியர் அதைப் பிடிக்கப் பாய்ந்தார், படிச்சவங்கதானே சார் நீங்க, அவளுக்கு ஒரு துண்டு போதுமாயிருந்துச்சு என்றேன்.

தரையில் கிடந்த கல்லை எடுத்துத் தணிகாசலத்தின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன், கனம் இருக்கா சார் என்றேன், யோவ், அந்த ஜல்லி எல்லாத்தையும் கீழ எறக்குய்யா என்றார் இன்ஜினியரிடம், மூடிய கையை மேசைமேல் அப்படியே வைத்திருந்தார், தூக்க முடியாதவர்போல.