கரண்ட் போன பொங்கல் நிகழ்ச்சி

லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் வசந்தியிடம் வஞ்சிரம் வாங்க வந்த நந்தகுமார், அவள் துண்டு போட்டு முடிக்கும்வரை சும்மா நிற்க மாட்டாமல் ஒரு கேள்வி கேட்டார். நொச்சிக்குப்பத்துப் பிள்ளைகள் யாராவது அந்தக் காலத்தில் டிவியில் ஆடியது வசந்திக்குத் தெரியுமா என்று. வசந்தியின் கத்தி மீனின் பாதியில் நின்றுவிட்டது.

நந்தகுமார் மந்தைவெளிக்காரர். ஒரு காலத்தில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவர். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ டிவியில் சிறப்பு நிகழ்ச்சி வந்தால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் பதிவு செய்து வைத்துவிடுவார். கடையை மூடியபிறகும் கேசட்டுகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. இப்போது ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். எண்பத்தாறாம் வருஷப் பொங்கல் கேசட்டில் குப்பத்துப் பள்ளிக்கூடத்தின் பெயர் எழுத்தில் வந்ததாம். அதற்குப் பின்னால் சிறுமிகள் துடுப்போடு வரிசையாக நின்றார்களாம்.

"அதுல நான் கீறேன் சார்" என்றாள் வசந்தி. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். நாலைந்து கடை தள்ளி கயல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஆட்டத்தில் வசந்திக்குப் பக்கத்தில் நின்றவள் கயல். இருவருக்கும் அப்போது பதினொரு வயது. சகினா டீச்சர் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்து, முகத்தில் ரோஸ் பவுடர் அப்பி, பஸ்ஸில் ஏற்றி ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். உள்ளே ஏசி குளிரில் பல் கிடுகிடுத்தது. விளக்கைப் போட்டதும் வேர்த்துக் கொட்டியது. ஆட்டத்தின் நடுவில் எல்லாரும் இடதுபக்கம் திரும்ப, இவர்களில் ஒருத்தி மட்டும் வலதுபக்கம் திரும்பியதில் கயலும் வசந்தியும் முட்டிக்கொண்டார்கள். இவர்கள் இருவராலும் எல்லாமே பாழாய்ப் போனது என்று டீச்சர் திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பினார்.

பொங்கலன்று குப்பத்தின் பொதுக்கூடத்து டிவி முன்னால் ஊரே கூடியது. இந்த ஆட்டம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது டிவியில் அடுத்த நிகழ்ச்சியான பேசும் பொம்மை வந்துவிட்டிருந்தது. தங்களை டிவியில் பார்க்கும் வாய்ப்பு அதோடு போனது. தப்பாகத் திரும்பியது யார் என்பது மட்டும் அவர்களுக்குள் தீராத வழக்காக நின்றது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் கடற்கரையில் உட்கார்ந்து அதற்காகச் சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டவர்கள் அவர்கள்.

பிறகு உண்மையான சண்டை வந்தது. வசந்தியின் புருஷன் டில்லிபாபுவும் கயலின் புருஷன் ரங்கனும் கூட்டாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார்கள். எஞ்சின் பழுதானதில் ஆரம்பித்த பேச்சு கைகலப்பில் முடிந்தது. ஆண்கள் பேச்சை நிறுத்தியதும் பெண்களும் நிறுத்தவேண்டியதாயிற்று. போன வருஷம் டில்லிபாபு மாரடைப்பில் போனான். குப்பமே வாசலில் திரண்டிருந்தபோது கயல் தெருமுனை வரைக்கும் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அழுதுகொண்டிருந்த வசந்தி அதைப் பார்த்தாள். புருஷன் செத்ததைக்கூடப் பேசி ஆற்றிக்கொள்ள முடிந்தது. தெருமுனையில் நின்ற அந்த உருவத்தை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அன்று மத்தியானம் கடையைக் கழுவிவிட்டு, குளித்து வேறு புடவை மாற்றி, வசந்தி தனியாக மந்தைவெளிக்குப் போனாள். நந்தகுமாரின் மனைவி ஸ்வர்ணலதா வரவேற்று நாற்காலி போட்டாள். வசந்தி கை கழுவ இடம் கேட்டாள். மீன் வாசனை போயிருக்காதோ என்ற கூச்சம். ஸ்வர்ணலதா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் காபி கலக்கப் போனாள்.

நந்தகுமார் நேராக ஆட்டத்துக்குப் போகவில்லை. முழுசாகப் பார்த்தால்தான் ருசி என்பது அவர் கட்சி. கரும்பும் மஞ்சளும் கட்டிய செட்டில் பட்டுப்புடவை அணிந்த அறிவிப்பாளர் வணக்கம் சொன்னார். நாதஸ்வரம் முடிந்ததும் பட்டிமன்றம். அதன் பிறகு ஒரு விவசாயி கரும்புக்கு எப்போது தண்ணீர் விடவேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். மெல்லிசைக் குழுவில் கண்ணாடி போட்ட ஒருவர் கண்ணை மூடிப் பாடினார். மேஜிக்காரரின் புறா பறக்க மறுத்து அவர் தோளிலேயே உட்கார்ந்துகொண்டது. வீணை வாசிப்பு, ஒண்டிக்குடித்தனம் பற்றிய நகைச்சுவை நாடகம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"அப்பல்லாம் இருந்தது ஒரே சேனல்" என்றார் நந்தகுமார். "வீணை புடிக்காதவங்களும் வீணை கேட்டாங்க. பட்டிமன்றம் புடிக்காத பசங்க மேஜிக்குக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. எந்திரிச்சிப் போனா நல்லது எதாவது தப்பிடுமேன்னு யாரும் எந்திரிக்க மாட்டாங்க."

புறாவைப் பார்த்து வசந்தி தன்னை மறந்து சிரித்தாள். இந்தப் புறாவைப் பார்த்ததும் அன்று கயல் தரையில் புரண்டு சிரித்தது நினைவுக்கு வந்தது. கறுப்பு வெள்ளையில் பார்த்த புறா. அதன் பிறகுதான் நாடகம், அதன் பிறகுதான் கரண்ட் போனது. திரையில் அறிவிப்பாளர் மறுபடி வந்து, அடுத்ததாக மீனவர் ஆட்டம் என்றார். பள்ளிக்கூடத்தின் பெயர் நீல எழுத்தில் மேலே ஏறியது.

"நிறுத்து சார்."

நந்தகுமார் பதறி நிறுத்தினார். உடம்புக்கு ஏதாவதா என்று ஸ்வர்ணலதா கிட்டே வந்தாள்.

"ஒண்ணும் இல்லமா. இது என்னிது மட்டும் இல்ல, இன்னொருத்தியோடதும்தான். அவளை வுட்டுட்டு நான் மட்டும் பாத்தா நல்லா இருக்காது." வசந்தி எழுந்துகொண்டாள். நாளைக்கு வரலாமா என்று மட்டும் கேட்டாள். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள்.

மறுநாள் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் வசந்தி கயலின் கடை முன்னால் போய் நின்றாள். பக்கத்துக் கடைக்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கயல் நிமிரவே இல்லை, நெத்திலியைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொங்கல் டான்ஸ் கீது. மந்தவெளி சார் வூட்ல. கேசட்டுல."

கயல் நிமிர்ந்து பார்த்தாள். "நீ பாத்துட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"இன்னாத்துக்குப் பாக்கல?"

கயல் மிச்ச நெத்திலியை அப்படியே பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளி, விற்றுக்கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நந்தகுமார் வீட்டிலும் சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். நிறுத்திய இடத்திலிருந்தே படம் ஓடத் தொடங்கியது.

பச்சைப் பாவாடை, சிவப்புச் சட்டை. வசந்தியின் நினைவில் பாவாடை மஞ்சளாக இருந்தது. அட்டையில் செய்த படகு ஒன்று ஓரமாக நிற்க, சிறுமிகள் துடுப்பை வலித்து ஆடினார்கள். "அந்தக் கோடில நிக்கிறது நம்ம சுசீலாடி" என்று கயல் தன்னையறியாமல் சொன்னாள். அந்தத் திருப்பம் நெருங்கியது. இருவரும் முன்னால் குனிந்தார்கள். கேமரா அந்த நேரம் பார்த்து அட்டைப் படகுக்குப் போய்விட்டது. திரும்பி வந்தபோது இரண்டு சிறுமிகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றார்கள். அடுத்த கணம் அந்த இரண்டு முகங்களும் திரை முழுக்கப் பெரிதாக வந்தன. பவுடர் வழிந்த கன்னத்தோடு, வாயைப் பொத்த மறந்து, ஒன்றைப் பார்த்து ஒன்று சிரித்துக்கொண்டிருந்தன. கேமராக்காரருக்கு என்ன தோன்றியதோ, அவர்களை விட்டு நகரவே இல்லை. மற்ற ஆட்டம் எல்லாம் அவர்களுக்குப் பின்னால் மங்கலாக நடந்து முடிந்தது.

நந்தகுமார் கேட்காமலே இன்னொரு முறை போட்டார்.

"பாழாப் போச்சின்னு டீச்சர் அப்பிடித் திட்டிச்சே" என்றாள் வசந்தி. "நம்மளத்தானே காட்டினு கீறாங்க."

கயல் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கி நான் வந்தேன் வசந்தி. தெரு முனையாண்ட."

"பாத்தேன்."

"உள்ள வந்தா உன் கொழுந்தன் எதனா சொல்லுவான், அதுக்கு எங்காளு எகிறுவான். பொணத்த வச்சிக்கினு சண்ட வேணான்னு நின்னுட்டேன். எடுத்துக்கினு போறவரிக்கும் நின்னேன். வூட்டுக்குப் போயி தலைக்கு ஊத்திக்கினேன். சொந்த அண்ணன் போனாப்ல இருந்திச்சு எனக்கு."

வசந்திக்கு அழுகை வந்தது. அவள் எதிர்பார்த்த இடத்திலிருந்து அது வரவில்லை. கயல் உள்ளே வராததற்கான காரணம் மனசுக்குள் எத்தனையோ விதமாக ஓடியிருந்தது, இது மட்டும் அதில் இல்லை. சோபாவில் இருந்த இடைவெளியைக் கயல்தான் நகர்ந்து வந்து அடைத்தாள். ஸ்வர்ணலதா கணவரைக் கண்ணால் கூப்பிட்டு சமையலறைக்குள் அழைத்துப் போய்விட்டாள்.

ஆட்டம் முடிந்து திரையில் பேசும் பொம்மை வந்திருந்தது. பார்க்க ஆளில்லாமல் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது ஆட்டோ குப்பத்துக்குள் நுழைந்ததும் கயல் தன் தெருவில் இறங்கவில்லை. வசந்தியோடு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மாலை போட்டிருந்த டில்லிபாபுவின் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வசந்தி டீ போட்டுக் கொண்டுவந்தாள். பாதி டீயில் கயலின் போன் அடித்தது. ரங்கன்தான். கடையை அப்படியே போட்டுவிட்டு எங்கே போனாய் என்று அவன் கத்துவது வெளியே கேட்டது.

"டில்லிபாபு வூட்ல கீறேன்" என்றாள் கயல். "நீயும் வா."

அவன் கத்தல் அடங்கியது. கயல் போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். வசந்தி எழுந்து அடுப்பில் இன்னொரு டீக்குப் பால் வைத்தாள்.