பின்னிருக்கைக்காரர்

மூன்றாவது உதையில் வண்டி உறுமி, மறுபடியும் அணைந்தது.

"சோக்க இழு பாப்பா. மழைன்னா உங்கண்ணன் சோக்க இழுத்துட்டுதான் உதைப்பான்," என்றார் ஒயர்மேன்.

அவள் இழுத்துவிட்டு உதைத்தாள். பிடித்துக்கொண்டது. லாட்ஜ் வாசலில் நின்றிருந்த மேனேஜர், கிளம்பினால் சரி என்பதுபோல் உள்ளே போனார்.

அண்ணனை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் முன்பே போய்விட்டது. மாமா அதில் போனார். இன்னும் இரண்டு பேர் உட்கார இடம் இருந்தது. "நீ ஏறு" என்று மாமா சொன்னபோது, அப்படியானால் வண்டியை யார் கொண்டுவருவது என்று கேட்டாள். ஒயர்மேனுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வண்டி ஒரு வாரம் கழித்து வந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மாமா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவளுக்கு ஒயர்மேனிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அண்ணனை நடுவில் கிடத்திவைத்துக்கொண்டு கேட்க முடியாது. காலையில் செய்தி வந்ததிலிருந்து அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது அது ஒன்றைத்தான்: கடைசியில் ஏதாவது சொன்னானா?

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஊராகப் போய்ப் பழுது பார்ப்பது வேலை. அவன் ஓட்டுவான், ஒயர்மேன் பின்னால் உட்கார்ந்து வருவார். எந்த ஊரானாலும் இருவருக்கும் ஒரே அறை. இந்த முறை ஒரு துணிக்கடை லிஃப்ட். வேலையை முடித்து, சாப்பிட்டு, படுத்தார்கள். காலையில் ஒயர்மேன் மட்டும் எழுந்தார்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மழை வலுத்தது. அண்ணனின் ரெயின்கோட் அவளுக்குப் பெரிது. மடித்துவிட்ட கைகள் அவிழ்ந்து விரல்களை மூடின. கண்ணாடிகள் அவன் உயரத்துக்குத் திருப்பியிருந்ததால் பின்னால் வருவது எதுவும் தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. ஒயர்மேன் தன் ரெயின்கோட்டின் மேல் கருவிப் பையை மடியில் வைத்திருந்தார். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்பேனர்கள் அவள் முதுகில் இடித்தன.

"லாரி பின்னாடி ஒட்டிப் போவாத. சேறு அடிக்கும்."

"சரிண்ணே."

"முன்னாடி ஒரு பாலம் வரும். நடுவுல தண்ணி நிக்கும், ஓரமாப் போ. பின்னாடி உக்காந்தே எனக்கு ரோடெல்லாம் மனப்பாடம். ஓட்டத் தெரியாதவன்தான்டா நல்லா வழி சொல்றான்னு உங்கண்ணன் கிண்டல் பண்ணுவான்."

பாலம் வந்தது. நடுவில் தண்ணீர் நின்றது. அவள் ஓரமாகப் போனாள்.

"அண்ணே, நேத்து ராத்திரி..."

"ஸ்பீடு பிரேக்கர் பாப்பா."

கொஞ்ச தூரம் போய் மறுபடியும் தொடங்கினாள். "நேத்து ராத்திரி அண்ணன்..."

"வலது பக்கம் மாடு நிக்குது பாரு. பயந்துச்சுன்னா குறுக்க வந்துரும்."

மாடு அசையாமல் நனைந்துகொண்டிருந்தது. அவள் பிறகு கேட்கவில்லை.

காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியதும் ஒரு டீக்கடையில் ஒதுங்கினார்கள். தகரத்தின் மேல் மழை கொட்டிய சத்தத்தில் உரக்கப் பேசினால்தான் கேட்டது. அவள் கண்ணாடித் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சூடு விரலுக்குத் தெரிய நேரமாயிற்று. முந்தைய நாள் இரவுக்குப் பிறகு அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பெஞ்சில் இருந்த டெம்போ டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார், பொண்ண ஓட்ட விட்டுட்டு நீங்க பின்னாடி குந்திக்கிட்டு வர்றீங்க?"

"எனக்கு டிரைவர் வெச்சுத்தான் பழக்கம்," என்றார் ஒயர்மேன். எல்லா டீக்கடைகளிலும் சொல்லிப் பழகிய பதிலாக இருக்க வேண்டும். அது வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

டெம்போ டிரைவர் சிரித்தார். "அது சரி. இந்த மழையில அப்படி என்ன அவசரம்?"

"வீட்டுல ஒரு விசேஷம்."

சொல்லிவிட்டு ஒயர்மேன் தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

மாமா போன் செய்தார். "எங்க வர்றீங்க? நாங்க வந்துட்டோம். மழை விட்டதும் எடுத்துரலாம்னு பேசிக்கிறாங்க. உங்கம்மா யாரையும் பக்கத்துல விட மாட்டேங்கறாங்க. நீ சீக்கிரம் வா."

அவர்கள் கிளம்பினார்கள். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வெகுநேரம் அவர் வழி சொல்லவில்லை. பிறகு அவள் தோளுக்குப் பக்கத்தில் அவர் குரல் கேட்டது.

"பாப்பா, திரும்பாத. ரோட்டப் பாத்தே ஓட்டு."

"சொல்லுங்கண்ணே."

"காதுல பஞ்சு வெச்சிருந்தேன்."

அவள் வேகத்தைக் குறைத்தாள். எஞ்சின் சத்தம் தணிந்தது.

"உங்கண்ணன் குறட்டை உனக்குத் தெரியாததா? செவுரே ஆடும். மொத ட்ரிப்ல ராத்திரி பூரா நான் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருந்தேன். அடுத்த ட்ரிப்ல அவனே மருந்துக்கடையில பஞ்சு வாங்கிக் குடுத்தான். இந்தாடா, உனக்குத் தாலாட்டுன்னான். அதுலேர்ந்து பஞ்சு வெச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும். நேத்தும் வெச்சேன்."

ஒரு பஸ் எதிரே வந்து, இருவரையும் தண்ணீரால் அறைந்துவிட்டுப் போனது.

"காலையில பாத்தப்ப என் பக்கமாத் திரும்பிப் படுத்திருந்தான். ஒரு கை என் கட்டில் பக்கம் நீட்டியிருந்துச்சு." பை அவள் முதுகோடு அழுந்தியது. "கூப்பிட்டானா என்னன்னு தெரியல பாப்பா."

அவள் பிரேக்கின் மேல் காலை வைத்திருந்தாள். இங்கேயே இவரை இறக்கிவிட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு பக்கமும் வயல், தண்ணீர், ஒரு மின்கம்பம். ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூட இல்லை. காலை எடுத்தாள். வண்டி போய்க்கொண்டிருந்தது. முதுகில் ஸ்பேனர்கள் இடித்தன. அதற்குப் பின்னால் அவர் உடம்பு விட்டு விட்டு நடுங்குவது தெரிந்தது. குளிராகவும் இருக்கலாம்.

ஊருக்குள் நுழைந்ததும் அவர் தொண்டையைச் செருமினார்.

"என்னை பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுரு. வீட்டுக்குப் போய் துணி மாத்திக்கிட்டு வந்துடறேன்."

அவர் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. சிக்னலில் நின்றபோது அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டார்.

"உக்காருங்கண்ணே."

"அம்மா கேப்பாங்க பாப்பா."

"கேப்பாங்கதான்."

விளக்கு மாறியது. பின்னாலிருந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் காலை எடுத்து வைத்துக்கொண்டார்.

தெருவில் தார்ப்பாய் கட்டி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மழை தூறலாகியிருந்தது. யாரோ வண்டியை வாங்கி ஸ்டாண்டு போட்டார்கள். கூடத்தில் அண்ணன் கிடந்தான். இரண்டு கைகளையும் நீட்டி உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்கள். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். எந்தக் கை என்று கேட்டிருக்கவில்லை.

அம்மா தலை நிமிர்ந்தது அவளைப் பார்த்து அல்ல.

"வா தம்பி," என்றாள். "இப்படி வந்து உக்காரு."

ஒயர்மேன் சுவரோரம் இருந்த ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். கருவிப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"அவன் குறட்டைக்கு நீ எங்க தூங்கியிருக்கப்போற? முழிச்சிட்டுதான இருந்திருப்ப." அம்மாவின் குரல் அழுது அழுது தேய்ந்திருந்தது. "எதாவது சொன்னானாப்பா?"

பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வாசலில் நின்ற மாமாகூடத் திரும்பினார்.

"தூங்கிட்டேம்மா," என்றார் ஒயர்மேன்.

அம்மா அவரையே பார்த்தாள்.

"நான் நல்லாத் தூங்கிட்டேம்மா. காதுல..."

"அண்ணே," என்றாள் அவள். "ரெயின்கோட்டக் கழட்டுங்க. தண்ணி சொட்டுது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பட்டன்களைத் தேடத் தொடங்கினார். விரல்கள் விறைத்துப்போயிருந்தன. அவள் குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டாள்.

அம்மா அண்ணனின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். "ராத்திரி சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாம்மா. ரொட்டியும் முட்டையும். அவன் பங்கு பத்தாதுன்னு என் தட்டுல இருந்த முட்டையையும் எடுத்துக்கிட்டான்."

"எடுப்பான்," என்றாள் அம்மா.

ஸ்டூலைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, அண்ணனைக் கிடத்தியிருந்த பாயை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தது. அவள் சமையலறையிலிருந்து பழைய துணி ஒன்றைக் கொண்டுவந்து, முழங்காலிட்டு, பாயின் ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலுக்கு அருகில் வந்ததும் ஒயர்மேன் ஒரு காலைத் தூக்கினார். அந்த இடத்தைத் துடைத்தாள். அவர் அந்தக் காலை வைத்துவிட்டு மற்றக் காலைத் தூக்கினார்.