யோசப்பின் பொறுக்கிய கல்

பஞ்சு கல்லில் ஒட்டிக்கொண்டது. அசற்றோனில் நனைத்த அந்தச் சின்னத் துண்டைக் கோபிகா மெதுவாக இழுத்தபோது, இரண்டு மூன்று வெள்ளை இழைகள் கல்லின் மேலேயே தங்கிவிட்டன. அவள் உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தால் ஆய்வுகூட மேசைக்கு அந்தப் பக்கம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருக்கும் யோசப்பின் என்ற அந்த அன்ரியின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். உண்மையான அம்பர் அசற்றோனுக்கு அசையாது. பிளாஸ்ரிக்கும், கல்லாகி முடியாத இளம் பிசினும்தான் இப்படி இளகும்.

"டென்மார்க்கிலையும் உதுதான் நடந்தது," என்றார் யோசப்பின். "எங்கடை சங்கத்து மனுசனும் உப்பிடித்தான் துடைச்சவர். ஒட்டினவுடனை எல்லாருக்கும் முன்னாலை தூக்கிக் காட்டி, பிளாஸ்ரிக் எண்டிட்டார்."

யோசப்பினுக்கு அறுபது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர். கலியாணம் கட்டி டென்மார்க்குக்குப் போய் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அந்த ஊர்க் கடற்கரையில், புயல் அடித்து ஓய்ந்தபிறகு, பாசியோடும் கரித்துண்டுகளோடும் அம்பர் ஒதுங்கும். கோடிக்கணக்கான வருசங்களுக்கு முந்திய மரங்கள் வடித்த பிசின் இறுகிக் கல்லானது. வெள்ளைக்காரர் குளிரில் குனிந்து குனிந்து பொறுக்குவார்கள். யோசப்பினும் பொறுக்கத் தொடங்கினார். கரைவலை இழுத்த மீனவரின் மகளான அவருக்கு, அலை எதைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று நடந்தபடியே தெரிந்தது. போன மாரியில் அகப்பட்ட புளியங்கொட்டை அளவு துண்டுக்குள் ஒரு பூச்சி இருந்தது. சந்தோசம் தாங்காமல் அதை அம்பர் பொறுக்குவோர் சங்கத்தின் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்.

"பிளாஸ்ரிக் எண்டதைக் கூடத் தாங்குவன் பிள்ளை. சந்தையிலை வாங்கிப்போட்டு கடற்கரையிலை எடுத்தனான் எண்டு நான் கதை விடுறன் எண்டு சிரிச்சினம். அதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு."

"விடும் யோசப்பின்," என்றார் பக்கத்தில் இருந்த கணவர் ஜெறோம். "திருவிழாவுக்கு வந்தனாங்கள், திருவிழாவைப் பாப்பம். இந்தப் பிள்ளைக்கும் வேறை வேலையள் இருக்கும்."

குருநகர் வீட்டில் யோசப்பின் 'அம்பர்' என்று வாயெடுத்ததும், அது திமிங்கிலம் கக்கும், கோடி விலை போகும் அம்பர் என்று நினைத்து மச்சான்மார் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்களாம். விசயம் தெரிந்ததும் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும், தங்கச்சியின் மகளான பெறாமகள்தான், "எங்கடை கோபிகா மிஸ் பூச்சியிலை பெரிய ஆள், அவவிட்டைக் காட்டுங்கோ" என்று சொல்லி அனுப்பினாள்.

பெரிய ஆள் என்பதைக் கேட்டால் கோபிகாவின் துறையிலேயே சிலர் சிரிப்பார்கள். அவள் படிப்பது முன்னங்காலால் பட்டு நூற்கும் ஒரு பூச்சியை. மரப்பட்டைக்கு அடியில் மெல்லிய நூலால் குகை கட்டி அதற்குள்ளேயே வாழ்ந்து முடிந்துபோகும். பயிருக்குக் கேடில்லை, மனிதருக்கு நோயில்லை. ஆகவே ஆராய்ச்சிக்கு நிதியுதவியும் இல்லை. புத்தூரில் இருந்து பஸ்ஸில் வந்து போகும் தற்காலிக விரிவுரையாளர் அவள். இந்த ஒன்றையாவது சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, ஒட்டிய இழைகளோடு கல்லை அப்படியே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள்.

இழைகளுக்குப் பக்கத்தில் கோடுகள் தெரிந்தன. நெருக்கமாக, ஒரே திசையில் ஓடும் கோடுகள். கடல் உருட்டிய கல்லில் அப்படி வராது. தூரிகை இழுத்தால்தான் வரும்.

"அன்ரி, இதுக்கு மேலை ஏதும் பூசினனீங்களோ?"

யோசப்பின் கணவரைப் பார்த்தார். பிறகு தன் நகங்களைப் பார்த்தார்.

"கூட்டத்துக்குக் கொண்டுபோறம், கொஞ்சம் மினுங்கட்டும் எண்டு நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸ் பூசினனான். நிறமில்லாததுதான் பிள்ளை."

ஜெறோம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கியூட்டெக்ஸ் அழிக்கிறதே உந்த அசற்றோனாலைதானே! அதைச் சொல்லியிருக்கலாமே அங்கை!"

"ஆர் கேட்டது? அந்த மனுசன் என்னைக் கேட்டவரோ?"

கோபிகாவுக்குச் சிரிப்பும் படபடப்பும் ஒன்றாக வந்தன. பூச்சு முழுவதையும் துடைத்தெடுத்தாள். புதுப் பஞ்சை நனைத்து மறுபடி தேய்த்தாள். பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்று. அதுவும் சுத்தமாக வந்தது. கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கல்லுப்பைக் கரையாமல் அடியில் தங்கும்வரை போட்டுக் கலக்கி, முதலில் ஒரு பிளாஸ்ரிக் சட்டைப் பொத்தானைப் போட்டாள். அது அடிக்குத் தாண்டது. கல்லைப் போட்டாள். கல் உள்ளே போய், திரும்பி மேலே வந்து, வள்ளம் மாதிரி அசைந்துகொண்டு நின்றது.

"மிதக்குது," என்றார் ஜெறோம். கதிரையில் இருந்து அவர் எழும்பியிருந்தார்.

யன்னலைச் சாத்திவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைப் பிடித்தபோது கல் இளநீலமாக ஒளிர்ந்தது. அதோடு சோதனை முடிந்தது என்று அன்ரி எழும்பப் போனார். கோபிகா கையைக் காட்டி இருத்தினாள்.

"கல்லு சரி. ஆனால் நல்ல அம்பரைத் துளைச்சு, நேற்றுச் செத்த பூச்சியை வைச்சு மூடுற ஆக்களும் இருக்கினம். உள்ளுக்கை இருக்கிறது ஆர் எண்டு பாக்கவேணும்."

பூச்சு போனபிறகு கல்லின் உள்ளே கண் தடையில்லாமல் இறங்கியது. மூடிய தடம் எதுவும் இல்லை. பிசின் வழிந்த அடுக்குகள் பூச்சியின் உடம்பைச் சுற்றி வளைந்து போயிருந்தன. அது உயிரோடு துடித்த இடத்தில் கலங்கியிருந்தன. ஒரு பக்கத்தில் பால் போன்ற வெண்புகை. அந்த ஊர்ப் பால்டிக் அம்பரில் அகப்பட்ட பூச்சிகளுக்கு அப்படிப் படர்வதுண்டு என்று அவள் படித்திருந்தாள். பக்கத்தில் நட்சத்திர வடிவில் நுண்மயிர்கள். அக்காலத்து ஓக் மரங்களின் மொட்டில் இருந்து உதிர்ந்தவை. இவற்றை எந்தக் கள்ளனும் வைக்கமாட்டான்.

பிறகு முன்னங்கால். அதன் நுனிப் பகுதி, குத்துச்சண்டைக்காரனின் கையுறை மாதிரி வீங்கியிருந்தது.

கோபிகா கண்ணை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். இரண்டு முன்னங்கால்களும் அப்படித்தான். ஒவ்வொரு பட்டையாக உரித்து, மண்டியிட்டு, எத்தனை வருசமாக அவள் பார்த்துவரும் அதே கால்.

"என்ன பிள்ளை? பிழையோ?"

"இல்லை அன்ரி." அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இது என்ரை பூச்சி. நான் படிக்கிற பூச்சியின்ரை இனம். அம்பருக்குள்ளை இது அகப்படுறது அருமையிலும் அருமை. கல்லும் உண்மை, பூச்சியும் உண்மை, நீங்கள் சொன்னதும் உண்மை."

யோசப்பின் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஜெறோம் மனைவியின் தோளில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

அடுத்த நாள் இரசாயனவியல் துறையில் சிவகரன் கல்லைத் தன் அகச்சிவப்புக் கதிர்க் கருவியில் வைத்து, கணினியில் விழுந்த வளைகோட்டைப் பார்த்தார். பால்டிக் அம்பருக்கே உரிய தோள் போன்ற ஒரு மேடு அதில் இருக்க வேண்டும். இருந்தது. "வடிவான தோள்," என்றார், சந்தேகத்தோடு தொடங்கியவர்.

அன்று பின்னேரமே யோசப்பின் டென்மார்க்குக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். சங்கத்து மனுசன், வெண்தாடிக்காரர், முதலில் பொறுமையாகப் புன்னகைத்தார். கோபிகா படங்களை ஒவ்வொன்றாகக் காட்டக்காட்டப் புன்னகை குறைந்தது. முன்னங்காலைத் திரும்பக் காட்டச் சொன்னார். இன்னொருமுறை. பிறகு எழும்பி நின்று, கையை நெஞ்சில் வைத்து, டேனிஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். யோசப்பின் தலையை நிமிர்த்திக் கேட்டார், பதில் சொன்னார், போனை வைத்தார்.

"தான் பிழை எண்டுறார். வாற கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறாராம். கல்லைத் தங்களிட்டைப் படிக்கத் தரட்டாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அது யாழ்ப்பாணத்திலை நிக்குது, அதைப் படிக்கிற ஆளும் யாழ்ப்பாணத்திலைதான் நிக்கிறா எண்டனான். கோபிகா எண்டு எழுத்துக்கூட்டியும் சொன்னனான். எழுதி வைச்சவர்."

கோபிகா கல்லைச் சின்னப் பெட்டிக்குள் பஞ்சில் வைத்தாள். யோசப்பின் அந்தப் பெட்டியை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

"உது உயிரோடை எப்பிடி இருக்கும் பிள்ளை? ஒருக்காக் காட்டமாட்டீங்களோ?"

மூவரும் வெளியே வந்தார்கள். விஞ்ஞானக் கட்டடத்துக்குப் பின்னால் நின்ற கிழட்டு வேம்பில், பட்டை வெடித்த இடத்தில் வலை போல வெள்ளைத் திட்டு ஒன்று படர்ந்திருந்தது. கோபிகா அதை விரல்நுனியால் விலக்கினாள். கபில நிறத்தில் ஒன்று வெளிச்சத்தைக் கண்டு விர்ரென்று பின்பக்கமாகவே ஓடி, யோசப்பின் நீட்டியிருந்த கையில் விழுந்தது. அவர் கையை இழுக்கவில்லை. அது விரல்களின் இடுக்கில் ஒதுங்கி, கொஞ்சம் நின்று, பிறகு முன்னங்கால்களை அப்படியும் இப்படியும் வீசத் தொடங்கியது. வெயில் சரிந்தபோது, அவருடைய சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நூல் மினுங்கியது.