கழுத்துத் தையல்

குழந்தை வளர்ப்பில் என் மனைவி கைதட்டல் வாங்கியவள். பக்கத்தில் நின்று நானும் தட்டினேன். அந்தச் சத்தத்தை இன்றைக்கு நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் முடி வெட்டுகிறவன். கத்தரி ஓடும்போது வாயும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு வேலை நடக்காது. அவள் எனக்கு நேர் எதிர். சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் டேபிளில் நிற்பவள். தைத்து வரும் சட்டையை விளக்குக்குக் கீழே விரித்து, காலரில் தொடங்கிக் கீழ்மடிப்பு வரைக்கும் விரலை ஓட்டுவாள். எங்கேயாவது தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவாள். வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான். முதலில் என் சட்டையைப் பார்ப்பாள், அப்புறம்தான் என் முகத்தை. இதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கேலி செய்வேன்.

தாய் இல்லாமல் வளர்ந்தவள் அவள். சித்தப்பா வீட்டில் கொஞ்ச காலம், அத்தை வீட்டில் கொஞ்ச காலம், அங்கேயும் இங்கேயுமாகத் தள்ளிவிடப்பட்டவள். எங்கே இருந்தாலும், "இதுக்கு ஒரு வேலையும் உருப்படியா வராது" என்ற பேச்சு மட்டும் கூடவே வந்திருக்கிறது. வயிற்றில் குழந்தை தங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று நான் தலைகால் புரியாமல் ஆடினேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு யாரும் காட்டிக் குடுக்கலைங்க. எப்படித் தூக்கணும்னுகூடத் தெரியாது."

"எல்லாரும் படிச்சுட்டா பெத்துக்கிறாங்க?" என்றேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த மாடி அறையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் தாயாகப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவளே போய்ச் சேர்ந்தாள். அந்த நர்ஸை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அறையின் ஒரு சுவர் முழுக்க அலமாரி, அதில் வரிசையாகத் துணிப் பொம்மைகள். சிஸ்டரே தைத்தவை. உள்ளே மணல் அடைத்திருப்பதால் ஒவ்வொன்றும் பச்சைக் குழந்தையின் கனம் இருக்கும். தலையில் மட்டும் கொஞ்சம் கூடுதல் மணல். தாங்கிப் பிடிக்காமல் தூக்கினால் தலை பின்னால் தொங்கிவிடும். தொங்கினால் கழுத்துத் தையல் பிரியும். ஒரு வாரம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நிஜக் குழந்தை மாதிரியே பார்த்துக்கொண்டு, வாரம் முடிந்ததும் சுத்தமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சிஸ்டர் கழுத்தைப் பார்ப்பார். அதுதான் பரீட்சை.

அவள் கொண்டுவந்த பொம்மைக்கு நான் மூட்டை என்று பெயர் வைத்தேன். "மூட்டை சாப்பிட்டாச்சா? மூட்டைக்கு முடி வெட்டணுமா?" என்று வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பிப்பேன்.

"மெதுவா பேசுங்க, தூங்குது," என்பாள் அவள், விளையாட்டே இல்லாமல். வேளை தவறாமல் எழுந்து அதற்குத் துணி மாற்றினாள். ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். மணலுக்கு இவ்வளவு உபசாரமா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

திருப்பிக் கொடுக்கிற நாளில் நானும் கூடப் போனேன். பாதிப் பேருடைய பொம்மை மணலைக் கொட்டிக்கொண்டு வந்தது. ஒன்றுக்குத் தலை நூலில் தொங்கியது. சிஸ்டர் இவளுடையதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு நூல்கூடப் பிரியல. இவ்வளவு சுத்தமா ஒரு பொம்மை என் கைக்குத் திரும்பி வந்ததே இல்ல. நீ ரெடிம்மா," என்றார். அப்போதுதான் எல்லாரும் கைதட்டினார்கள்.

பஸ்ஸில் வழி முழுக்க அவள் என் கையை விடவில்லை. "நான் ரெடியாம்," என்று ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பெற்றவள் தலையைத் தடவிக் கொடுத்திருக்க வேண்டிய சந்தோஷம் அது, பாவம், ஒரு மணல் மூட்டையால் கிடைத்தது.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம்தான். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் அவளே செய்தாள். பால், துணி, குளியல், பவுடர், எதிலும் குறை சொல்ல முடியாது. பார்க்க வந்த என் அக்கா வாயைப் பிளந்தாள். "நான் ரெண்டு பெத்தும் இவ்வளவு நறுவிசா வளர்க்கலடா. குடுத்து வச்சவன் நீ," என்றாள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், முட்டாள்.

அவள் குழந்தையோடு பேசுவதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. செல்லப் பெயர் இல்லை, கொஞ்சல் இல்லை. குளிப்பாட்டும்போதுகூட அதன் முகத்தைப் பார்க்காமல் கழுத்தையே பார்ப்பாள். "கழுத்து சரியா இருக்கா, கொஞ்சம் பாருங்க," என்று என்னிடம் நீட்டுவாள். குழந்தை தூங்கும்போதும் இவள் தூங்குவதில்லை, பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். தட்டில் வைத்தது அப்படியே ஆறிப்போய்க் கிடக்கும். நான் அக்காவிடம் சொன்னேன்.

"முதல் குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும். அது முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கட்டும், எல்லாம் சரியாயிடும்," என்றாள் அக்கா.

சரி, சிரிக்கட்டும் என்று நானும் காத்திருந்தேன். ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று கேட்டாள்.

"இதை எத்தனை நாள் வச்சுக்கணுங்க?"

"கல்யாணம் பண்ணிக் குடுக்கிற வரைக்கும்," என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு செருப்பை மாட்டினேன். சலூனில் வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த நகைச்சுவையைச் சொல்லி வேறு சிரித்தேன்.

அதற்கு மறுநாள். ஒருவருக்கு ஒரு கன்னம் மழித்து முடித்திருந்தேன், மறு கன்னத்தில் நுரை. போன் அடித்தது. சிஸ்டர்.

"தம்பி, உன் குழந்தை இங்க இருக்கு. என் வகுப்புல. நல்லா இருக்கு, பயப்படாத. நீ உடனே வா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தியைப் போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டோடு ஓடினேன். நுரையோடு உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று வகுப்பு இல்லாத நாள். பெருக்குவதற்காகத் திறந்துவிட்டிருந்த அறைக்குள் ஒரே ஒரு நாற்காலி. அதில் சிஸ்டர் என் மகளை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஜன்னல் சாத்தத்தான் வந்தேன்," என்றார். "அலமாரியில ஒரு பொம்மை கையை ஆட்டுச்சு, தம்பி."

பொம்மைகளின் வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் என் மனைவி துண்டை உருட்டிக் குழந்தையின் கழுத்துக்கு அண்டக் கொடுத்திருந்தாள். பக்கத்தில் கழுவிய பாட்டில், மடித்த துணிகள். குழந்தை குளிப்பாட்டிப் பவுடர் போட்டு மணந்தது. ஒரு புரளல் புரண்டிருந்தால் சிமென்ட் தரை.

யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது. எதிரே சிஸ்டர்தான் இருந்தார்.

"நீங்கதான சொன்னீங்க, ரெடின்னு? ஊரைக் கூட்டிக் கை தட்டினீங்களே?"

"கைக்குத்தான்ப்பா சொல்லிக் குடுத்தேன்," என்றார். "பெத்த பிறகு சில பேருக்கு மனசு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். பார்த்திருக்கேன். வயித்துப் பிள்ளைக்காரிங்க பயந்துடுவாங்கன்னு வகுப்புல அதை மட்டும் சொல்றதே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இது வியாதி. திட்டாத, அவ மேல கை வச்சிடாத. இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். நீ முன்னாடி போ, நான் வண்டி பிடிச்சுட்டு வாசலுக்கே வர்றேன்."

வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டேதான் போனேன். கண்ணு மண்ணு தெரியாத கோபம். பெத்தவளா நீ, பேயா என்று கேட்க வேண்டும். அப்படி என்னடி குறை வைத்தேன் என்று கேட்க வேண்டும். குழந்தையோ என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு முழித்துக்கொண்டே வந்தது.

கதவு திறந்திருந்தது. வீடு பளிச்சென்று இருந்தது. அவள் தலை வாரி, இஸ்திரி போட்ட தொழிற்சாலைச் சீருடையைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவளாகக் கிளம்பி நின்றாள். பிள்ளை பெற்றதிலிருந்து அவ்வளவு தெளிவாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாளே, அதே முகம். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அது அப்படியே வாடிவிட்டது.

"ஏங்க, திருப்பி அனுப்பிட்டாங்களா?"

திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "இது நம்ம பாப்பாம்மா. நீ பெத்தது. யார்கிட்டயும் குடுக்கிறது இல்ல," என்றேன். என் குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது.

"எங்க தப்புன்னு சொன்னாங்க?"

"தப்பு ஒண்ணுமே இல்லம்மா."

"தப்பு இல்லாம எதுவும் திரும்பி வராதுங்க." அவள் கிட்டே வந்தாள். "எந்த இடம்னு ஸ்டிக்கர்கூட ஒட்டலையே. நான் எல்லாம் சரியாத்தான செஞ்சேன்? ஒண்ணு விடாம செஞ்சேன்."

"ஆமாம்மா. எல்லாம் சரியாத்தான் செஞ்ச."

"பின்ன ஏன்?"

அவள் என் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள். பயமாக இருந்தாலும் கொடுத்தேன், ஆனால் என் கையை அதன் கீழேயே வைத்திருந்தேன். தலையைத் தாங்கிய விதத்தில் ஒரு பிசகும் இல்லை. குழல் விளக்கைப் போட்டு, மேஜைமேல் அதைக் கிடத்தி, சட்டையைக் கழற்றினாள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், தோளில், அக்குளில் என்று விரலை மெல்ல ஓட்டிக்கொண்டே வந்தாள்.

"காட்டுங்களேன், எங்கன்னு காட்டுங்களேன்," என்று சொல்லிக்கொண்டே தேடினாள். கண்ணீர் மேஜைமேல் சொட்டியது.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் விரல் கழுத்தில் பட்டதில் கூச்சமோ என்னவோ, குழந்தை அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. பிறந்ததிலிருந்து முதல் சிரிப்பு. நானும் அக்காவும் காத்துக்கொண்டிருந்த சிரிப்பு.

அவள் அதைப் பார்க்கவில்லை. குழந்தையின் தாடையை ஒரு விரலால் மெதுவாக ஒதுக்கிவிட்டு, அடியில் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.